கற்றுக்குட்டிகள் காத்த கால்வாய்கள்

இங்கிலாந்தில் கார் ஓட்ட உரிமம் வேண்டும். ஆனால் 18 மீட்டர் நீளமும் 15 டன்னுக்குக் குறையாத எடையும் கொண்ட ஓர் எஃகுப் படகை ஒரு வார விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்துக் கால்வாயில் ஓட்டிச் செல்ல எந்த உரிமமும் தேவையில்லை. படகுத்துறையில் பணியாளர் ஒருவர் ஒரு மணிநேரம் பாடம் நடத்துவார். சுக்கான் தண்டை இடப்புறம் தள்ளினால் படகின் முகப்பு வலப்புறம் திரும்பும். படகு தன் நடுப்பகுதியை அச்சாகக் கொண்டு சுழல்வதால், முன்புறம் மட்டுமன்றிப் பின்புறம் எங்கே போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எதிரே படகு வந்தால் வலப்புறம் ஒதுங்க வேண்டும். மணிக்கு 4 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. பாடம் முடிந்ததும் அவர் கரையில் இறங்கிக்கொள்வார். அதுவரை படகையே தொட்டறியாத ஆசிரியரோ வங்கி ஊழியரோ தம் குடும்பத்தோடு நீரில் தனித்து விடப்படுவார்.

முதல் நாளில் அவர் பாலத்தின் தூணில் மோதுவார், சேற்றில் தரைதட்டுவார், கரையோர மரக்கிளையில் சிக்குவார். மூன்றாம் நாளில் ஓரளவு ஓட்டக் கற்றுவிடுவார். இந்த எளிய காட்சிக்குப் பின்னால் இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தின் குறுங்கால்வாய்கள் இன்றும் நீரோடு இருப்பதற்கு, தொழில் தெரியாமல் அவற்றில் இறங்கிய இத்தகைய கற்றுக்குட்டிகளே பெருங்காரணம். ஆனால் அவர்கள் எதைக் காத்தார்கள், எதைக் காக்கத் தவறினார்கள் என்ற கேள்வியும் அந்த வரலாற்றோடு சேர்ந்தே வருகிறது.

கதை ஓர் அளவிலிருந்து தொடங்குகிறது. 1761இல் பிரிட்ஜ்வாட்டர் கோமகனின் வோர்ஸ்லி நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து மான்செஸ்டரை நோக்கி வெட்டப்பட்ட கால்வாய் திறக்கப்பட்டது. மான்செஸ்டரில் நிலக்கரி விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நாடெங்கும் கால்வாய் ஆசை பரவியது. அந்தக் கால்வாய்க்குப் பணியாற்றிய ஜேம்ஸ் பிரிண்ட்லி அடுத்து, டிரென்ட், மெர்சி ஆகிய இரு ஆறுகளையும் இணைக்கும் நெடுங்கால்வாய்ப் பணியை ஏற்றார். அதற்கான சட்டம் 1766இல் நிறைவேறியது. மட்பாண்ட உற்பத்தியாளர் ஜோசையா வெட்ஜ்வுட் அதன் முதன்மை ஆதரவாளர்களுள் ஒருவர். குண்டும் குழியுமான சாலைகளில் உடைந்துபோகும் பீங்கானைப் பத்திரமாகக் கொண்டு செல்ல நீர்வழி வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

இந்தக் கால்வாய் மேட்டு நிலங்களைக் கடக்க வேண்டியிருந்தது. மேட்டில் ஏறுவதற்கு ‘லாக்’ எனப்படும் நீர்ப்பூட்டுகள் தேவை. இரு முனைகளிலும் கதவுகள் கொண்ட கல் தொட்டி அது. மேலே செல்லும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் கீழ்க்கதவை மூடிவிட்டு மேற்புறத்துச் சிறு மதகுகளைத் திறந்தால், நீர் நிரம்ப நிரம்பப் படகு உயரும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கிவிடும். மேட்டில் நீர் அரிது. ஹேர்கேசிலில் மலையைக் குடைந்து அமைக்க வேண்டிய சுரங்கமோ 2.6 கிலோமீட்டர் நீளம். அகலம் கூடினால் நீரும் செலவும் கூடும். ஆகவே பிரிண்ட்லி நீர்ப்பூட்டின் அகலத்தை ஏறத்தாழ 7 அடியாகவும் நீளத்தை 72 அடியாகவும் வைத்தார். அதற்குள் அடங்கும் படகே ‘நேரோபோட்’ என்று பெயர்பெற்ற ஒடுங்கிய நெடும்படகு. பிரிண்ட்லி 1772இல் மறைந்தார். கால்வாய் 1777இல் நிறைவுற்றது. அவர் வகுத்த 7 அடி அளவு மத்திய இங்கிலாந்தின் பெரும்பகுதிக்கும் விதியாயிற்று.

ஒரு குதிரை கரையோர இழுவைப் பாதையில் நடந்து 25 டன்னுக்கு மேற்பட்ட சரக்கை இழுத்துச் சென்றது. சாலையில் அதே குதிரை இழுக்கக்கூடியதோடு ஒப்பிட்டால் இது மாபெரும் பாய்ச்சல். ஆனால் ரயில் வந்தபின் அதே 7 அடி கழுத்துச் சுருக்காக மாறியது. பிரான்ஸ் 1879இல் தொடங்கித் தன் கால்வாய்களை 300 டன் படகுகள் செல்லும்படி விரிவாக்கியது. இங்கிலாந்தில் கால்வாய்கள் பல தனியார் நிறுவனங்களின் கைகளில் சிதறிக் கிடந்தன. அவற்றில் ஒரு பகுதியைப் போட்டியாளர்களான ரயில் நிறுவனங்களே வாங்கிவிட்டன. குறுங்கால்வாய்கள் குறுகியே நின்றன. வணிகத்துக்குப் பெரும் குறையாக இருந்த இந்தக் குறுகலே, இரண்டு பேர் சேர்ந்தால் கையால் திறந்து மூடக்கூடிய கதவுகளையும், ஒரு குடும்பம் சமாளிக்கக்கூடிய படகையும் பிற்காலத்துக்கு விட்டுச்சென்றது. கால்வாய்கள் விரிவாக்கப்பட்டிருந்தால் இன்றைய விடுமுறைப் பயணியால் அவற்றை நெருங்கியிருக்கவே முடியாது.

ரயிலின் போட்டி இன்னொரு விளைவையும் கொண்டுவந்தது. கூலி குறைந்தது. கரையில் வீடு வைத்து, கூலிக்கு ஆள் அமர்த்திப் படகு ஓட்டுவது கட்டுப்படியாகவில்லை. படகோட்டிகள் மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். படகின் பின்முனையில் ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட அறையே சமையலறை, படுக்கையறை, பேறுகால அறை. பகலில் மடித்து வைத்த பலகை இரவில் கட்டிலாகும். ரோஜாக்களும் கோட்டைகளும் தீட்டிய நீர்க்குடங்கள், பின்னல் ஓரம் வைத்த தட்டுகள், மெருகேற்றிய பித்தளைக் குமிழ்கள் என அந்த அறைக்கென ஓர் அழகியல் உருவானது. சிறுவர்கள் நடை பழகியவுடன் குதிரையையும் நீர்ப்பூட்டையும் பழகினார்கள். பள்ளிக்குப் போகப் படகு எந்த ஊரிலும் நிற்கவில்லை.

ஆகவே படகு மக்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதி வைத்தவை மிகமிகக் குறைவு. ஆய்வாளர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அவர்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி வெளியாரின் எழுத்து. ‘நமது கால்வாய் மக்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1875இல் நூல் வெளியிட்ட கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித், அவர்களை அழுக்கும் அறியாமையும் ஒழுக்கக்கேடும் நிறைந்தவர்களாகச் சித்திரித்தார். அவருடைய போராட்டத்தால் 1877இலும் 1884இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் வந்தன. குடியிருப்புப் படகுகள் பதிவு செய்யப்பட்டன. ஓர் அறையில் எத்தனை பேர் வசிக்கலாம் என்பது வரையறுக்கப்பட்டது. பின்னர் ஆய்வாளர்களும் நியமிக்கப்பட்டார்கள். சீர்திருத்தம் தேவையாக இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சீர்திருத்தம் மக்களை அவர்கள் இல்லாமலே விவரித்தது என்பதும் உண்மை.

அடுத்து வந்த வெளியார் வேறு வகையினர். அவர்கள் திருத்த வரவில்லை, பார்க்க வந்தார்கள். எழுத்தாளர் டெம்பிள் தர்ஸ்டன் ஆக்ஸ்போர்டில் குதிரை இழுக்கும் படகொன்றைப் படகோட்டியோடு சேர்த்து வாடகைக்கு எடுத்துப் பயணம் செய்து, ‘தி ஃப்ளவர் ஆஃப் குளோஸ்டர்’ என்ற நூலை 1911இல் வெளியிட்டார். சரக்குக்காக அன்றிக் காட்சிக்காகக் கால்வாயில் இறங்கிய மரபில் அது முக்கியமான நூல்.

அந்த மரபை வரலாற்று ஆற்றலாக மாற்றியவர் எல். டி. சி. ரோல்ட். 1910இல் பிறந்தவர். பொறியாளராகத் தொழில் பயின்றவர். அவருடைய மாமா கைர்ல் வில்லன்ஸ் ‘கிரெஸ்ஸி’ என்ற பழைய சரக்குப் படகை வாங்கி மாற்றியமைத்திருந்தார். பின்னர் அது ரோல்டின் கைக்கு வந்தது. 1939இல் பான்பரியில் உள்ள டூலி படகுத்துறையில் அதை வீடாக மாற்றினார். அதில் குளியல் தொட்டியையும் அமைத்தார். அவ்வாண்டு ஜூலை இறுதியில் மனைவி ஏஞ்சலாவுடன் புறப்பட்டார். பயணம் முடியுமுன் உலகப்போர் மூண்டது. அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய நூலைப் பதிப்பகங்கள் முதலில் ஏற்கவில்லை. ‘நேரோ போட்’ என்ற பெயரில் அது 1944 டிசம்பரில் வெளிவந்தது. குண்டுவீச்சும் பங்கீட்டு அட்டையுமாகச் சலித்திருந்த மக்களுக்கு, மெதுவாக நகரும் படகும் ஓவியம் தீட்டிய குடமும் தாம் இழந்த ஏதோ ஒன்றின் நினைவாகத் தோன்றின. ஜார்ஜ் ஸ்மித் அழுக்கைக் கண்ட இடத்தில் ரோல்ட் கைவினை மரபின் கடைசி எச்சத்தைக் கண்டார். இரண்டும் கரையிலிருந்து வந்தவர்களின் பார்வைதான். ஆனால் ரோல்ட் தம் படகைத் தாமே செலுத்தினார், அதிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். அந்த வேறுபாட்டைச் சிறிதென்று ஒதுக்க முடியாது.

அதே போர்க்காலத்தில் மற்றொரு கற்றுக்குட்டிக் கூட்டமும் கால்வாயில் இறங்கியது. ஆள் பற்றாக்குறையை ஈடுசெய்யப் போர்க்காலப் போக்குவரத்து அமைச்சகம் பெண்களைப் படகுப் பணிக்குப் பயிற்றுவித்தது. ‘கிட்’ என்று அழைக்கப்பட்ட ஐலி கேஃபர்ட் அவர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தார். மூன்று பெண்கள், இரு படகுகள், ஏறத்தாழ 50 டன் சரக்கு. முன்னே செல்வது எஞ்சின் படகு. பின்னே இழுக்கப்படுவது ‘பட்டி’ எனப்படும் துணைப்படகு. லண்டனிலிருந்து பர்மிங்காம் நோக்கி எஃகு முதலிய சரக்கு, திரும்புகையில் கவென்ட்ரி வட்டாரத்து நிலக்கரி. ‘இன்லண்ட் வாட்டர்வேஸ்’ என்பதன் முதலெழுத்துகளான ஐ.டபிள்யூ. அவர்களின் சின்னத்தில் இருந்தது. அதற்கு ‘ஐடில் விமன்’, அதாவது ‘சோம்பேறிப் பெண்கள்’, என்று கேலி விளக்கம் பிறந்தது. பனியிலும் மழையிலும் விடியலிலிருந்து இருட்டும்வரை நீர்ப்பூட்டுக் கதவுகளைத் தள்ளியவர்களுக்குக் கிடைத்த பெயர் அது.

எண்ணிக்கையில் அவர்கள் சில பத்துப் பேர்தான். பலர் நடுத்தர வர்க்கத்துப் படித்த பெண்கள். போரின் போக்கை அவர்கள் மாற்றிவிடவில்லை. ஆனால் வரலாற்று ஆவணத்தின் தன்மையை மாற்றினார்கள். சூசன் உல்ஃபிட் 1947இலும் எம்மா ஸ்மித் 1948இலும் ஐலி கேஃபர்ட் 1973இலும் தம் அனுபவங்களை நூல்களாக்கினார்கள். கேஃபர்டின் நூலுக்கு ‘கற்றுக்குட்டிப் படகுப் பெண்கள்’ என்ற பொருள்படும் தலைப்பே வைக்கப்பட்டது. படகுக் குடும்பத்துப் பெண்ணின் உழைப்பு எத்தகையது என்பதை, அந்த உழைப்பைத் தம் தோளில் ஏற்றுப் பார்த்தவர்கள் எழுதியது இங்கேதான். கைக்குழந்தையோடு சுக்கான் பிடித்து, இடையிடையே சமைத்து, கதவு திறக்க ஓடும் வேலையில், மூன்று பேர் சேர்ந்தும் ஒரு குடும்பத்தின் வேகத்தை எட்டத் தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றமே சான்று. திறமையுள்ளவர் எளிதாகச் செய்யும்போது திறமை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாதவர் தடுமாறும்போதுதான் அதன் அளவு புலப்படுகிறது.

ரோல்டின் நூலைப் படித்த ராபர்ட் ஐக்மன் அவருக்குக் கடிதம் எழுதினார். 1945 ஆகஸ்டில் டார்டிபிக்கில் இருவரும் சந்தித்தனர். 1946இல் உள்நாட்டு நீர்வழிகள் சங்கம் உருவாயிற்று. ஐக்மன் தலைவர், கால்வாய் வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் ஹாட்ஃபீல்ட் துணைத்தலைவர், ரோல்ட் செயலாளர். 1947 மேயில் அவர்கள் நடத்திய போராட்டம் பாடமாகக் கற்கத் தக்கது. ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயின் வடபகுதியில், லிஃபர்ட் லேனில் இருந்த தூக்குப்பாலம் பழுதுபட்டு, படகு நுழைய முடியாதபடி நிலைத்துப் போயிருந்தது. கால்வாய் அப்போது கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் உடைமை. ஆனால் நீர்வழியைத் திறந்து வைக்கும் சட்டக் கடமை ஒழிக்கப்படவில்லை. படகு வரப்போகிறது என்று முறைப்படி அறிவித்துவிட்டு ரோல்ட் கிரெஸ்ஸியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ரயில்வே ஊழியர்கள் பாலத்தை முட்டுக்கொடுத்து உயர்த்த, படகு கடந்தது. சரக்கில்லாத ஒரு படகின் பயணம், எழுத்தில் மட்டும் எஞ்சியிருந்த உரிமைக்கு உயிர் கொடுத்தது. உரிமையைப் பயன்படுத்துபவர் இருக்கும்வரைதான் உரிமை இருக்கும் என்ற நெறியின்படி, விடுமுறைப் பயணியே அரசியல் கருவியானார்.

ஆனால் சங்கத்துக்குள் விரிசல் கண்டது. ஒரு மைல் கால்வாயும் கைவிடப்படக் கூடாது, எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்பது ஐக்மனின் நிலை. படகு மக்களின் வாழ்வும் தொழிலும் நிலைப்பதற்கு ஏற்ப முன்னுரிமை வகுக்க வேண்டும் என்பது ரோல்டின் நிலை. 1950 ஆகஸ்டில் மார்க்கெட் ஹார்பரோவில் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் கூடிய மாபெரும் விழா நடந்தது. மறுஆண்டு தொடக்கத்தில், சங்கத்தின் கொள்கைக்கு உடன்படாதவர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் ரோல்டும் ஒருவர். இயக்கத்தைத் தோற்றுவித்த நூலின் ஆசிரியரே இயக்கத்துக்கு வெளியே நின்றார். அவ்வாண்டே வேல்ஸில் டல்லிலின் ரயில்பாதையைத் தன்னார்வலர்களைக் கொண்டு இயக்கும் முயற்சிக்கு அவர் தலைமை தாங்கினார். கற்றுக்குட்டிகளால் ஒரு தொழிலை நடத்த முடியும் என்ற பாடத்தைக் கால்வாயிலிருந்து தண்டவாளத்துக்குக் கொண்டுபோனார்.

அந்தச் சண்டையில் வென்றது யார்? கால்வாயைப் பொறுத்தவரை ஐக்மன். ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயின் தென்பகுதியைத் தன்னார்வலர்களும் படைவீரர்களும் சிறைக்கைதிகளும் சேர்ந்து தூர்வாரிச் சீரமைத்தார்கள். 1964இல் ராஜமாதா அதைத் திறந்து வைத்தார். பார்பரா காசில் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது உருவான கொள்கை 1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டமாயிற்று. சரக்குக் கால்வாய், உல்லாசப் பயணக் கால்வாய், எஞ்சியவை என மூன்று வகைகள் பிரிக்கப்பட்டன. உல்லாசமும் ஒரு கால்வாயின் நோக்கமாக இருக்கலாம் என்பதை நாடாளுமன்றம் அன்று ஏற்றது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கால்வாய்கள் உயிர்பெற்றன. கென்னெட் ஏவன் கால்வாய் 1990இலும் ஹடர்ஸ்ஃபீல்ட் குறுங்கால்வாய் 2001இலும் மீண்டும் திறக்கப்பட்டன.

ரோல்ட் அஞ்சியதும் நடந்தது. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. சரக்கு லாரிக்கும் ரயிலுக்கும் மாறியது. அரசு நீர்வழி வாரியம் தன் நேரோபோட் சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதியைக் கைவிட்டது. ஆதர்ஸ்டோனிலிருந்து சவுத்தால் ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுசென்ற நெடுந்தொலைவு ஒப்பந்தம் 1970 அக்டோபரில் முடிந்தது. அதோடு ஒரு வாழ்க்கைமுறையும் முடிந்தது. நீர் காக்கப்பட்டது, கதவுகள் காக்கப்பட்டன, ஓவியம் காக்கப்பட்டது. அந்த ஓவியத்தைத் தீட்டியவர்களின் மக்கள் கரையேறி, தொழிற்சாலைகளுக்கும் நகராட்சி வீடுகளுக்கும் சென்றார்கள். பலருக்கு அது இழப்பு. நிலையான கூரை, பள்ளி, மருத்துவம் என்று எண்ணியவர்களுக்கு அது விடுதலையும்கூட. ஏக்கத்தோடு எழுதும் வரலாறு இந்த இரண்டாவது பக்கத்தை எளிதில் மறந்துவிடுகிறது.

மரபு காத்தல் பற்றிய ஆய்வுகளுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஒரு பொருளைக் காப்பதும் அதைப் பயன்படுத்திய மக்களைக் காப்பதும் ஒன்றல்ல. முதலாவது நடப்பதற்காகவே இரண்டாவது கைவிடப்படலாம். அதே சமயம், மக்கள் போனபின் பொருளாவது எஞ்சியதே என்பதையும் இகழ்ந்துவிட முடியாது. கற்றுக்குட்டிகள் வந்திராவிட்டால் பல கால்வாய்கள் தூர்க்கப்பட்டுச் சாலைகளாகியிருக்கும். படகு மக்களின் நினைவுக்கு நிற்க ஓர் இடமும் இருந்திராது.

பழைய கேள்வி இன்று புது வேடத்தில் திரும்பியிருக்கிறது. 2012இல் உருவான கால்வாய் ஆறு அறக்கட்டளை ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளைப் பேணுகிறது. அவற்றில் 30,000க்கும் மேற்பட்ட படகுகள் உள்ளன. வீட்டு வாடகை எட்டாத உயரத்துக்குப் போனதால் லண்டன் போன்ற நகரங்களில் பலர் நேரோபோட்டையே வீடாக்கிக்கொண்டார்கள். நிலையான துறை இல்லாதவர் ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாள்களுக்கு மேல் தங்கக் கூடாது என்கிறது 1995ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளையின் பள்ளியும் தம் வேலையும் ஓரிடத்தில் இருக்க, வீடு மட்டும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கால்வாய் யாருக்கு உரியது, விடுமுறைக்கு வருபவருக்கா, அதிலேயே வாழ்பவருக்கா என்ற 1951ஆம் ஆண்டு வழக்கு இன்னும் தீர்ப்பெழுதப்படாமல் கிடக்கிறது.

அந்த வாடகைப் படகுக்காரர் மூன்றாம் நாள் ஒரு நீர்ப்பூட்டுக்கு வருகிறார். விண்ட்லாஸ் என்னும் இரும்புக் கைப்பிடியால் மதகைத் திறக்கிறார். பொறுமையின்றி உடனே கதவைத் தள்ளிப் பார்க்கிறார், அசையவில்லை. உள்ளும் புறமும் நீர்மட்டம் சமமாகும்வரை எந்த வலிமையாலும் அந்தக் கதவைத் திறக்க முடியாது. சமமானதும் ஒரு சிறுமி முதுகைச் சாய்த்துத் தள்ளினாலும் திறந்துகொள்ளும். காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் அவர் கால்வாயோரக் கல்லில் ஒரு பள்ளத்தைக் காணலாம். நூற்றைம்பது ஆண்டுகள் குதிரைகள் இழுத்த கயிறு உரசி உரசி அறுத்த தடம் அது. அந்தக் கயிற்றைப் பிடித்தவர்களின் பெயர்கள் அங்கே எங்கும் பொறிக்கப்படவில்லை.